தாய்மாமன் மடியும் அரை மாத்திரையும்

இந்தத் தொடரில் போன வாரம், காலேஜ் விடுதியைக் காலி செய்துவிட்டுத் தகரப் பெட்டியோடு அருப்புக்கோட்டையில் வந்து இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். பி.எஸ்ஸி. முடித்த சூடு, புது பெல்பாட்டம். வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு, அப்பாவின் பருத்திக்கொட்டைக் கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது. உட்கார்ந்திருந்தேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். நான் எங்கே உட்கார்ந்தேன்! நாலு மூட்டை எடை போடுவதற்குள் எட்டுத் தடவை தெருவை எட்டிப் பார்ப்பேன்.

அப்படி எட்டிப் பார்த்த ஒரு மத்தியானத்தில்தான் பஸ் கண்டக்டர் ஒருவர் எங்கள் கடையை நோக்கி விறுவிறுவென்று வந்தார். ஒரு தோளில் தோல் பை. இன்னொரு கையில், மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி, என் அக்கா மகள் வடிவு. எட்டு வயசு. பாவாடையெல்லாம் கோழி இறகு.

"தம்பி, இது ஒங்க வீட்டுப் பிள்ளையா?"

"ஆமாண்ணே. சரசு அக்கா மக. அக்கா எங்க?"

"அக்காவா? தனியால்ல ஏறியிருக்கா! திருச்சுழியில ஏறுனவ இங்க வர்றதுக்குள்ள அஞ்சு சீட்டு மாறிட்டா. டிரைவர்கிட்டப் போயி, ஆரன நான் அமுக்கட்டாங்கிறா. ஒரு பாட்டையா கால்மாட்டுல கட்டிப் போட்டிருந்த கோழிய அவுத்து விட்டுட்டா. பஸ்ஸு பூராம் இறக்கை!"

"டிக்கெட்டு எவ்வளவுண்ணே?"

"டிக்கெட்டு கெடக்கு. எறங்குனாளே, அதுவே போதும்."

அவர் போய்விட்டார். வடிவு அதற்குள் பருத்திக்கொட்டை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். தராசுத் தட்டை ஆட்டினாள். கல்லாப் பெட்டியின் மேலிருந்த காலண்டரில் நாலு தாளைப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே, வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்:

"மாமா, தம்பி கெணத்துல விழப் பாத்தான். என்னையக் கோயில்ல கட்டிப் போடப் போறாக. இந்த மூட்டையில என்ன?"

தூணைக் கட்டிய துண்டு

வடிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவள் சாப்பிடுவதை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. முதல் வாய் அடுப்படியில், இரண்டாவது வாய் மாட்டுத் தொழுவத்தில். மூன்றாவது வாய்க்கு அக்கா தட்டோடு தெருவில் நிற்பாள். ஊர் ஆடுகள் அத்தனைக்கும் அவளிடம் பெயர் உண்டு. எந்த வளைவில் எந்த பஸ் எத்தனை தடவை ஹாரன் அடிக்கும் என்று சொல்லிவிடுவாள். வாத்தியார் கணக்கைச் சொல்லி முடிக்கும் முன் விடை வந்துவிடும். அதையே சிலேட்டில் எழுது என்றால், பாதிக் கணக்கில் சிலேட்டு ஒரு பக்கம் கிடக்கும், அவள் ஒரு பக்கம் இருப்பாள். ஒரு நாள் வாத்தியார் தன் மேல்துண்டால் அவளைத் தூணோடு கட்டிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தூண் மட்டும் நின்றது. துண்டு ஊர்க் கண்மாயில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

புத்தி இல்லாத பிள்ளை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. இவ்வளவு தெரிந்தவள் தெரிந்தேதானே செய்கிறாள் என்று அடி விழுந்தது. அடியில் அடங்கவில்லை என்றதும் தாயத்து. தாயத்தை எங்கேயோ தொலைத்தாள். பேயோட்டுகிற கோடாங்கி வந்து வேப்பிலை அடித்தார். அவர் உடுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

இப்போது வந்திருப்பது விளையாட்டில்லை. அன்று காலை அக்கா தோட்டத்துக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், பத்து மாதக் கைப்பிள்ளையை வடிவிடம் கொடுத்துவிட்டு, மாடு பருத்திக்குள் புகுந்துவிட்டது என்று விரட்டப் போயிருக்கிறாள். வரப்பில் ஓர் அணில். வடிவு பிள்ளையைத் தரையில் வைத்துவிட்டு அணில் பின்னால் போய்விட்டாள். களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்து ஓடி வந்து பிடிக்கும்போது, பிள்ளையின் இரண்டு கையும் கிணற்று விளிம்பில் இருந்ததாம்.

"வேணும்னு செஞ்சியா வடிவு?"

அவள் முதல் தடவையாக ஒரு நொடி நின்றாள். "இல்ல மாமா. தம்பி இருந்தான்ல, அது மறந்துபோச்சு." உதடு கோணியது. உடனே தெருவில் வண்டிச் சத்தம் கேட்டு அங்கே ஓடினாள்.

மடி என்னுடையது

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான். வடிவுக்குக் காது குத்தும்போது எனக்குப் பதிமூன்று, பதினாலு வயசு இருக்கும். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆசாரி ஊசியை வைத்த நொடியில் அவள் துள்ளினாள் பாருங்கள்! வலது காதில் ஓட்டை ஒரு நெல்லளவு மேலே போய்விட்டது. இன்றைக்கும் அவள் கம்மல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. குற்றம் ஆசாரியுடையது இல்லை, பிடிக்கத் தெரியாத மடியுடையது என்று ஊரே தீர்ப்புச் சொன்னது.

அந்த மடியைத்தான் இப்போது திரும்பக் கேட்டார்கள்.

அன்று சாயங்காலமே அவளைக் கூட்டிக்கொண்டு அக்கா ஊருக்குப் போனேன். திருச்சுழிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே வீடு. அக்காவின் மாமனார் கட்டிலில் இருந்தார். பெரியவர் என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கெட்ட மனுஷர் இல்லை. பயந்துபோன மனுஷர்.

"தம்பி, பிள்ள மேல எனக்கு ஆத்திரம் இல்ல. இன்னைக்குக் கைப்பிள்ள தப்பிச்சது. நாளைக்கு இவளே விழுந்தா யாரு பதில் சொல்ல? ஒரு மண்டலம் கோயில்ல இருக்கட்டும். வெள்ளிக்கிழம நல்லாருக்கு. நீங்க வந்து மடியில வச்சு உக்காந்தாப் போதும்."

கிழக்கே ஒரு கோயில். புத்தி கலங்கியவர்களுக்குக் காலில் விலங்கு பூட்டிக் கல்தூணோடு பிணைத்து நாற்பத்தெட்டு நாள் வைத்திருப்பார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தால், தாய்மாமன் மடியில் உட்கார வைத்த பிறகுதான் பூசாரி விலங்கைத் தொடுவார். அது வழக்கம்.

என் வாய் முந்திக்கொண்டது. "மாமா, மன்னிக்கணும். நான் மடி குடுக்க மாட்டேன்."

அக்காவின் கணவர் எழுந்துவிட்டார். "ஏலே மாப்ள! அப்பா முன்னால என்ன பேச்சுப் பேசுற?"

"மதுரையில ஒரு டாக்டர் இருக்காரு மச்சான். சீமையில படிச்சிட்டு வந்தவரு. இந்த மாதிரிப் பிள்ளைகளத்தான் பாக்குறாராம். என் கூடப் படிச்சவனோட அண்ணன் அவருகிட்டத்தான் வேல பாக்குறான். ஒரே ஒரு தடவ காட்டுவோம். ஒண்ணுமில்லைனு அவரு சொல்லிட்டா, நானே மடியில வச்சு உக்காருறேன்."

பெரியவர் என்னையே பார்த்தார். "வாக்கா?"

"வாக்கு."

இருபத்தொரு வயசில் வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

சிலை மாதிரி ஒரு பிள்ளை

மதுரைக்கு நாலு பேர் போனோம். பெரியவர், அக்கா, நான், வடிவு. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் சாய்ந்து சத்தமில்லாமல் வந்தாள். ஊர் மாறப் போகிற பயம் என்று நினைத்தேன்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் மெதுவாகத் தலையை ஆட்டினாள். பாசிமணி கோக்கச் சொன்னார், கோத்தாள். பத்தில் பாதியைக் கோத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நாற்காலியிலிருந்து ஒரு தடவைகூட இறங்கவில்லை. நான் சொன்ன அத்தனை கதையும் பொய்யென்று ஆகிக்கொண்டிருந்தது.

"நல்ல அமைதியான பிள்ளையா இருக்கே," என்றார் டாக்டர். "கொஞ்சம் மந்தம் மாதிரி தெரியுது. நீங்க சொல்ற சேட்டை எதையும் நான் பாக்கலையே."

மாடிப்படி இறங்கும்போது பெரியவர் என் தோளில் கை வைத்தார். ஏளனம் இல்லை. துக்கமாகத்தான் சொன்னார். "கேட்டீங்கள்ல தம்பி? வைத்தியத்துல ஒண்ணுமில்ல. அப்ப இது சாமி காரியம்தான். வெள்ளிக்கிழம வந்துருங்க."

கடைசிப் படியில் வடிவு என் மேல் சரிந்தாள். நின்றபடியே தூங்குகிறாள்! வடிவாவது, பகலில் தூங்குவதாவது!

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா குடுத்த?"

"கசகசாப் பாலு… அதுவும் போதாதுன்னு, கம்பவுண்டர் குடுத்த சளி மருந்து ரெண்டு மூடி. எவ்வளவு பெரிய டாக்டரு! அவருக்கு முன்னால பிள்ள மேசை மேல ஏறி நின்னா, மாமா மானம் என்னத்துக்காகும்? அதான் தம்பி… அடக்கமாக் கொண்டு போவோம்னு…"

இதைத்தான் நான் இன்றுவரை நினைத்து நினைத்து வியக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூருக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவதென்றால் தலை சீவி, பவுடர் அப்பி, சத்தம் போடக் கூடாது என்று மிரட்டி, நல்ல பிள்ளையாக்கித்தான் கூட்டிப் போவார்கள். பெரியவர்கள் முன்னால் குறையை மறைப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையை அக்கா டாக்டருக்கும் செய்துவிட்டாள்! காய்ச்சல்காரனைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஜில்லென்று கொண்டுபோய்க் காட்டியது போல.

நான் படியை மூன்று மூன்றாகத் தாண்டி மேலே ஓடினேன். வரிசையில் இருந்தவர்கள் திட்டினார்கள். அடுத்த நோயாளியை வைத்துக்கொண்டே டாக்டரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"இதுக்கு நீங்க முதல் ஆளில்ல தம்பி. ராத்திரி நல்லாத் தூங்க விடுங்க. ஒரு மருந்தும் வேண்டாம். செவ்வாய்க்கிழம காலைல, பிள்ளை எப்படி இருக்கோ அப்படியே கொண்டாங்க. சேட்டைய மட்டும் வீட்டுல விட்டுட்டு வந்துராதீங்க. வாத்தியார்கிட்ட ஒரு கடுதாசியும் வாங்கிட்டு வாங்க."

கீழே வந்து பெரியவர் முன் நின்றேன். "மாமா, வாக்கு வாக்குதான். ஆனா டாக்டரு இன்னைக்கு வடிவப் பாக்கல. கசகசாவத்தான் பாத்திருக்காரு."

அவர் மருமகளைப் பார்த்தார். தூங்குகிற பேத்தியைப் பார்த்தார். "செவ்வாக்கிழம வரைக்கும் பொறுக்குறேன்," என்றார்.

தரையில் உட்கார்ந்த டாக்டர்

அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் எப்படி எழுத! கோயில் கொடையும் பார்த்திருக்கிறேன், கல்லூரியில் பாதரசத்தைக் குப்பியில் ஊற்றி அளந்த முதல் நாளும் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தது போல இருந்தது.

வடிவு உள்ளே நுழைந்ததும் மின்விசிறியைப் போட்டு, அணைத்து, போட்டாள். மேசை மேல் ஏறி அங்கிருந்து ஜன்னலில் தொங்கினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரோ செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டோடு, சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் பதறிப்போய் நாற்காலியை விட்டு எழுந்தார். டாக்டர் தரையில் இருக்கும்போது அவர் எப்படி மேலே உட்காருவார்?

டாக்டர் வடிவைக் கூப்பிடவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஏதோ குறிப்பார். அவளாகவே இறங்கி வந்து, "என்ன எழுதுறீக?" என்றாள்.

பாசிப் பெட்டி. நாலு கோத்தாள், ஓடினாள். படங்களைக் காட்டி எதில் என்ன குறை என்று கேட்டார். வாலில்லாத பூனை, முள்ளில்லாத கடிகாரம். அவர் அட்டையை முழுசாகத் திருப்பும் முன்பே சொன்னாள். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு தடவை சரி, மூன்றாம் தடவை வெளியே யாரோ இருமினார்கள், அத்தோடு போயிற்று. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார், விசிறியை நிறுத்தினார். மறுபடி கேட்டார். அப்போது கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஊரே சேர்ந்து எட்டு வருஷமாகப் பார்க்காததை, ஒரு மனுஷர் ஜன்னலைச் சாத்திக் கண்டுபிடிக்கிறார்!

பிறந்த கதை, தூக்கம், சாப்பாடு, வலிப்பு வந்ததுண்டா என்று அக்காவிடம் ஒன்று விடாமல் கேட்டார். வாத்தியாரின் கடுதாசியை இரண்டு தடவை படித்தார். தூணைப் பற்றிய இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு பெரியவரிடம் பேசினார். "ஐயா, இது சேட்டையில்ல. சாமிக் குத்தமும் இல்ல, வளர்ப்புக் குத்தமும் இல்ல. ஹைப்பர்கைனடிக்னு இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. நம்ம மூளை வாசல்ல ஒரு காவல்காரன் இருக்கணும். எந்தச் சத்தம் உள்ள வரலாம், எது வெளியில நிக்கணும்னு அவன் பாக்கணும். ஒங்க பேத்திக்கு அவன் அரைத்தூக்கத்துல இருக்கான். அதனால எல்லாம் ஒண்ணா உள்ள வருது. அறிவு நிறைய இருக்கு. காவல்தான் இல்ல."

"அப்ப அடங்குறதுக்கு மருந்து குடுப்பீகளா?"

"இல்லைங்க. முழிப்புக்குக் குடுக்கப் போறேன். பெரியவங்க தூங்காம இருக்கச் சாப்பிடுற மாதிரி ஒரு மாத்திரை. காவல்காரன எழுப்பணும்ல?"

பெரியவருக்கு அது தாங்கவில்லை. "ஏற்கெனவே ஆடுற சாமிக்கு உடுக்கையும் அடிச்சு விடப் போறீகளா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "மொதல்ல படிச்சப்போ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

மறைக்காமல் எல்லாம் சொன்னார். முழுசாகப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், பசி குறையலாம், தூக்கம் பிந்தலாம், மாதம் ஒரு தடவை எடை பார்க்கணும், பாதி வேலை மாத்திரை, மீதி வேலை வீட்டில். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சு. நடுநடுவே ஓட ஒரு காரணம் கொடுங்கள். அடி கூடாது. கைப்பிள்ளையை இப்போதைக்கு அவள் பொறுப்பில் விடக் கூடாது.

புறப்படும்போது என்னைப் பார்த்து, "இது சில குடும்பத்துல வர்றதுண்டு. தம்பி, வந்ததுலருந்து ஒங்க காலு ஆடிட்டே இருக்கு," என்றார். காலை நிறுத்தினேன். கை ஆட ஆரம்பித்தது.

ஒண்ணு ஒண்ணா

பெரியவர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன், நோட்டும் பென்சிலுமாக.

முதலில் கால் மாத்திரை. ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டாள். நாலாம் நாள் பெரியவர் என்னிடம், "கோயிலுக்குச் சொல்லி அனுப்பவா?" என்று கேட்டார். அன்றே டாக்டருக்கு எழுதினேன். பதில் அட்டை வந்தது: காலையில் சாப்பிட்ட பின் அரை.

அந்தக் காலை. கம்மங்கூழ் குடித்தாள், அரை மாத்திரையை விழுங்கினாள், ஓடினாள். வெயில் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து, சத்தமே இல்லையே என்று பயந்துபோய்த் தேடினேன்.

முற்றத்தில் பருத்தி குவித்திருந்தது. அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு, பஞ்சில் ஒட்டிய காய்ந்த இலைத் தூசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தூங்கி வழியும் கண் இல்லை. அன்று மதுரையில் பார்த்த சிலை இல்லை. முழு வடிவு, விழித்த வடிவு. ஒரு சுளை முடித்து ஓரமாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. தலையைத் தூக்கிக் கேட்டாள். மறுபடியும் குனிந்தாள்! நான் மூச்சுவிடப் பயந்து நின்றேன்.

"மாமா."

"என்ன வடிவு?"

"இன்னைக்கு எல்லாம் ஒண்ணு ஒண்ணா வருது."

"எது?"

"எல்லாந்தான். முன்னெல்லாம் ஆடு, கோழி, அம்மா, பஸ்ஸு எல்லாம் ஒரே நேரத்துல பேசும். இன்னைக்கு ஒண்ணு பேசி முடிச்சப் பெறகுதான் இன்னொண்ணு பேசுது." கொஞ்சம் யோசித்தாள். "ஒங்களுக்கெல்லாம் எப்பவுமே இப்படித்தானா?"

அந்தக் கேள்விக்குள் எட்டு வருஷம் இருந்தது.

ஒரு மாத்திரையில் பிள்ளை மாறிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். சாயங்காலம் மாத்திரையின் வேகம் இறங்கியதும் பழைய ஆட்டம் வந்தது. சோறு பாதிதான் இறங்கியது, அக்கா அழுதாள். ஆனாலும் அந்தக் காலை நேரங்கள் எங்களுக்குக் கிடைத்தன.

தவணை முடிகிற நாளில் பெரியவர் காட்டிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வடிவு பருத்தி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார். சோதிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஆத்தா, அந்தக் கெணறு யாரு தோண்டுனதுன்னு தெரியுமா?"

"யாரு தாத்தா?"

அவர் ஆரம்பித்தார். ஒரு வாக்கியம் சொல்வார், வெற்றிலையை மெல்லுவார், எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவார், அடுத்த வாக்கியம் சொல்வார். வீட்டில் ஒருத்தரும் அவர் கதையை முழுசாகக் கேட்டதில்லை. மச்சான் நழுவினார். நானே இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். முதல் வருஷம் மண், இரண்டாம் வருஷம் பாறை. வெட்டின ஆள் ஒருத்தன், இங்கே தண்ணி இல்லை என்று கடப்பாரையைப் போட்டுவிட்டு ஊரை விட்டே போய்விட்டான். மூன்றாம் வருஷம் வெடி வைத்தார்கள். ஊற்று வந்தது.

வடிவு கையில் பஞ்சோடு அப்படியே இருந்தாள். அவர் துப்பப் போகும்போதெல்லாம், திரும்பி வரும் வரை காத்திருந்தாள்.

"அவ்வளவுதான் ஆத்தா," என்றார்.

"அந்தக் கடப்பாரையப் போட்டுட்டுப் போனாருல்ல தாத்தா, அவருக்குத் தண்ணி வந்துருச்சுன்னு யாரு போயிச் சொன்னா?"

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். நாற்பது வருஷமாக அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வீட்டில், யாரும் கேட்காத கேள்வி.

"யாரும் சொல்லல தாயி," என்றார் மெதுவாக. "எனக்குத் தோணவே இல்ல."

அவர் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?"

"இன்னும் ஆறு நாளைக்கு மாமா."

"அதுக்குள்ள மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம். நானும் வாரேன்."

அவ்வளவுதான் சொன்னார். கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து உள்ளே போகப் போனவரை, அவள் வேட்டி நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சொல்லுங்க தாத்தா. அவரு பேரென்ன? எந்த ஊருக்குப் போனாரு? பெறகு?"